பச்சை என்றால் என்ன நிறம்?

திருத்தணியில் நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பம். மருமகள் எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிக்கு அருகில் பிறந்தவர். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தெலுங்கில் வளர்ந்தவர். மாமியாருக்குத் தமிழ்தான், கோபம் வந்தால் மட்டும் உருது. மருமகளுக்குத் தாயார் இல்லாததால் பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது.

பிள்ளை பிறந்த நான்காம் நாள் மருமகள், "அத்தே, புள்ளைக்குக் கண்ணெல்லாம் பச்சையா இருக்கு, உடம்பும் பச்சையா இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். மாமியார் சிரித்துவிட்டு, "பச்சப்புள்ளை பச்சையாத்தாம்மா இருக்கும். நீயும் பச்சை உடம்புக்காரி, காத்துல நிக்காம போய்ப் படு" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அகீகா, பெயர் சூட்டுதல் பற்றிப் பேச நாம் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். துஆ செய்வதற்காகக் குழந்தையைத் திண்ணைக்குக் கொண்டு வந்தார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்ததும் திடுக்கிட்டோம். முகம், நெஞ்சு, கண்ணின் வெள்ளை எல்லாமே மஞ்சள். பால் குடிக்கக்கூட எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றார்கள். உடனே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூன்று நாள் 'லைட்'டில் வைத்திருந்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நலம். ஆனால் வாசலில் ஆட்டோ ஏறும்போது அந்தத் தாய், "நான் நேத்தே சொன்னேனே ஹஜ்ரத்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவர் சொன்னது பொய்யில்லை, தவறுமில்லை. தமிழில் நாம் மஞ்சள் காமாலை என்று சொல்லும் நோய்க்குத் தெலுங்கில் 'பச்ச காமெர்லு' என்று பெயர். தெலுங்கில் 'பச்ச' என்ற ஒரு சொல் மஞ்சளுக்கும் வரும், பச்சைக்கும் வரும். பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மஞ்சளை 'பசுப்பு பச்ச' என்பார்கள்; பசுப்பு என்றால் சமையல் மஞ்சள். இலையின் நிறத்தை 'ஆக்கு பச்ச' என்பார்கள். ஆக்கு என்றால் இலை. ரயிலைக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார் என்று எழுத வேண்டிய இடத்தில் தெலுங்குப் பத்திரிகைகள் 'பச்ச ஜெண்டா' அசைத்தார் என்று எழுதும். அது நமது பச்சைக் கொடி. அதே பத்திரிகைகளில், மஞ்சள் கொடி வைத்திருக்கும் தெலுங்கு தேசம் கட்சியையும் அரசியல் எதிரிகள் 'பச்ச' கட்சி என்று கேலி செய்வார்கள். கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. இடம் பார்த்து மனம் பிரித்துக்கொள்கிறது. குழப்பம் வருவது, அந்தச் சொல் எல்லை தாண்டி நம் வீட்டுக்குள் வரும்போதுதான்.

தமிழிலும் அப்படித்தான் இருந்தது

நம் ஊருக்கு இது புதிதல்ல. திருத்தணி முன்பு சித்தூர் மாவட்டத்தில், ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1959-இல் போடப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. காகிதத்தில் கோடு மாறியது, பேச்சில் மாறவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் உடுத்திக் காவடியோடு மலையேறும் கூட்டத்தில் பாதி தமிழ் பேசும், பாதி தெலுங்கு பேசும். கடைத்தெருவில் நம்மவர் கடைகளில் இரண்டோடு உருதுவும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் மஞ்சளையும் பச்சையையும் ஒன்றாக வைத்திருப்பது தெலுங்கின் குறையா? தமிழைச் சற்றுத் தோண்டிப் பாருங்கள். பசும்பொன் என்கிறோம். பொன் எப்போது பச்சையாக இருந்தது? சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறத்துக்குப் பசலை என்று பெயர். அது வெளிறிய, பொன் போன்ற மஞ்சள் சாயல். பச்சை, பசுமை, பசலை, பசும்பொன், தெலுங்கின் பசுப்பு எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் கருத்து. கன்னடத்து 'ஹசிரு'வும் அதே வேர்தான். பழைய ப அங்கே ஹ ஆகிவிட்டது. மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கின் பெயரையே நிலையாக வைத்துக்கொண்ட பிறகு, தமிழில் பச்சை இலைப்பக்கம் ஒதுங்கிவிட்டது. தெலுங்கில் அந்தப் பழைய அகலம் இன்னும் இருக்கிறது.

அதோடு தமிழில் பச்சை என்பது நிறம் மட்டுமே அல்ல. பச்சரிசி வெள்ளையாக இருக்கிறது. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சை குத்தினால் கருநீலமாகத் தெரிகிறது. பச்சைப் பொய்யை யார் கண்டார்! புதிது, வேகாதது, ஆறாதது என்ற பொருள்தான் இவற்றில் பெரும்பாலும் ஓடுகிறது. பச்சைப்பிள்ளையும் பச்சை உடம்பும் அந்த வகை. மாமியார் அந்தப் பச்சையைக் கேட்டார், மருமகள் வேறு பச்சையைச் சொன்னார். இருவரும் தத்தம் மொழியில் சரி. நடுவில் பிள்ளைக்கு ஒரு நாள் வீணாகிவிட்டது.

அரபியில் கருப்பும் பச்சையும்

மதரஸாவில் ஓதும் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களில் நாம் தடுமாறியதுண்டு. சூரா அர்ரஹ்மானில் இரண்டு சோலைகளை வர்ணிக்க ஒரே சொல்லில் ஒரு வசனம் வருகிறது (55:64): முத்ஹாம்மதான். அதன் மூலச் சொல்லுக்குக் கருமை என்று பொருள். சொர்க்கத்துச் சோலை கருப்பாக இருக்குமா என்று ஒரு மாணவர் கேட்பார். தண்ணீர் செழித்து, அடர்ந்து, கருமை தட்டிய பச்சை என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். பாலைவனத்திலிருந்து வருகிறவனுக்குத் தூரத்துப் பேரீச்சந்தோப்பு முதலில் ஒரு கருந்திட்டாகத்தான் தெரியும். ஈராக்கின் செழிப்பான வண்டல் சமவெளிக்கு அரபிகள் 'ஸவாத்', அதாவது கருமை, என்றே பெயர் வைத்திருந்தார்கள். மறுபக்கம், மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்களோடு சென்ற இரும்புக் கவசம் அணிந்த படைப்பிரிவு 'பச்சைப் படை' என்று ஸீரா நூல்களில் வருகிறது. இரும்பின் கருமையைத்தான் அங்கே பச்சை என்றார்கள்.

இஸ்ரவேலர்களின் பசு பற்றிய வசனத்தில் (2:69) 'ஸஃப்ரா' என்ற சொல் வருகிறது. மஞ்சள் என்பதே பெரும்பான்மையோர் விளக்கம். ஆனால் அது கடுங்கருப்பு என்று ஹஸன் அல்பஸ்ரீ (ரஹ்) அவர்கள் சொன்னதாகவும் தஃப்ஸீர்களில் பதிவாகியிருக்கிறது. இமாம் தபரீ (ரஹ்) அதை ஏற்கவில்லை. அவர் காட்டும் காரணம் நமக்கு மிகவும் பிடித்தமானது. அந்த வசனத்தில் நிறத்தை அழுத்திச் சொல்ல 'ஃபாகிஃ' என்ற சொல் சேர்ந்திருக்கிறது. அரபிகள் அதைக் கருப்போடு சேர்ப்பதில்லை, கருப்புக்கு 'ஹாலிக்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு இது உடனே புரியும். பச்சைப்பசேல் என்போம், வெள்ளை வெளேர் என்போம், செக்கச்செவேல் என்போம். கருப்பு வெளேர் என்று ஒருவர் எழுதினால், எழுத்துப் பிழை என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஹஸன் அல்பஸ்ரீ (ரஹ்) அவர்களின் கருத்துக்கு மொழியில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நரகத்தின் தீப்பொறிகளை ஒட்டகங்களுக்கு ஒப்பிடும் வசனத்தில் (77:33) அதே மூலத்திலிருந்து 'ஸுஃப்ர்' என்று வருகிறது. அங்கே பலர் கருப்பு ஒட்டகம் என்றே பொருள் கொள்கிறார்கள். கருப்பு ஒட்டகத்தின் முடியில் ஒரு மஞ்சள் சாயல் ஓடும், அதனால் அரபிகள் அதை அப்படி அழைத்தார்கள் என்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றில் மஞ்சள் என்றும் இன்னொன்றில் கருப்பு என்றும் இருப்பதைப் பார்த்து, யாரோ வேதத்தை மாற்றிவிட்டார்கள் என்று பதறி நம்மிடம் ஓடி வருகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு நிறம் எது என்ற கேள்வி தொழுகை நேரத்தையே தொடுகிற இடமும் உண்டு. மஃரிபு நேரம் 'ஷஃபக்' மறைவதோடு முடிகிறது. ஷஃபக் என்பது சூரியன் மறைந்தபின் அடிவானத்தில் தெரியும் சிவப்பா, சிவப்பு போனபின் தங்கும் வெண்மையா? சிவப்பு என்பது இமாம் ஷாஃபிஈ, இமாம் மாலிக் (ரஹ்) ஆகியோர் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) வெண்மை என்றார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் சிவப்பு என்றார்கள். நம் ஊரில் இவ்விரண்டுக்கும் இடைவெளி சில நிமிடங்கள்தான், யாரும் கவனிப்பதில்லை. லண்டன் போன்ற ஊர்களில் வசிக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். கோடையில் அங்கே அந்தி வெளிச்சம் இரவு முழுவதும் அடியோடு மறையாத நாட்கள் உண்டு.

நோன்பு வசனத்தில் (2:187) வரும் வெள்ளை நூல், கருப்பு நூல் சம்பவம் எல்லோருக்கும் தெரியும். அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் நிஜமாகவே இரண்டு கயிறுகளைத் தலையணைக்கடியில் வைத்து இரவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இரவின் இருளும் பகலின் வெளுப்பும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இங்கே கண்ணின் அமைப்பையும் சொல்லிவிடலாம். நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு வடிவ அணுக்கள் மூன்று வகை. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கலில் வேலை செய்பவை குச்சி வடிவ அணுக்கள். அவற்றால் நிறம் பிரிக்க முடியாது, ஒளியும் இருளும் மட்டும்தான் தெரியும். ஸஹர் நேரத்தில் சிவப்புச் சட்டையும் பச்சைச் சட்டையும் ஒன்றுபோலத் தெரிவது அதனால்தான்.

'செவப்பா இருக்காளா?'

பெண் பார்க்கப் போய் வந்தவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. உண்மையில் சிவந்த மனிதர் யாருமில்லை. தமிழில் அங்கே சிவப்பு என்றால் வெளுப்பு. அரபியிலும் இதே வழக்கம் இருந்தது. வெளுத்த நிறமுடைய பாரசீகர், ரோமர் போன்றோரை அரபிகள் 'அஹ்மர்', அதாவது சிவப்பர், என்றார்கள். இறுதி ஹஜ் பேருரையில் நிறத்தால் எவருக்கும் மேன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை முஸ்னத் அஹ்மதில் பார்க்கிறோம். மேடைகளில் வெள்ளையர், கருப்பர் என்று சொல்லிப் போகிறோம். அரபி மூலத்தில் இருப்பது அஹ்மரும் அஸ்வதும்தான். அமெரிக்காவின், ஐரோப்பாவின் நிறவெறி பற்றிய செய்தியாக அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய், பெண் சிவப்பா, மாநிறமா என்று விசாரிக்கிறோம். அந்தப் பேருரையின் சொல், நம் தரகர் பயன்படுத்தும் அதே சொல்.

கண் வேறு, பெயர் வேறு

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் ஒரு தவறான முடிவுக்கு வந்தார்கள். 1858-இல் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர், ஹோமரின் கிரேக்கக் காவியங்களில் நீலத்துக்குத் தெளிவான சொல் இல்லை என்று கவனித்தார். பழங்காலத்தாருக்கு நிற உணர்வே முழுதாக வளரவில்லை என்று எழுதினார். சொல் இல்லையென்றால் பார்வை இல்லை என்ற வாதம் பிறகு 'பழங்குடி'கள் மேலும் திருப்பப்பட்டது. அதைச் சோதிக்கப் புறப்பட்டவர்களில் ஒருவரான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1898-இல் டாரஸ் ஜலசந்தித் தீவுகளிலும், 1901-02-இல் நம் நீலகிரியில் தோடர்களிடமும் வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்துச் சோதனை செய்தார். தோடர் ஆண்களிடம் சிவப்பு, பச்சை பிரித்தறியாத நிறக்குறைபாடு வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதைக் கண்டார். அது பிறவியில் வரும் கண் சம்பந்தப்பட்ட விஷயம். மொழியில் சொல் இருப்பதற்கும் இல்லாததற்கும் அதோடு தொடர்பில்லை.

1969-இல் பெர்லின், கே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 98 மொழிகளை ஒப்பிட்டு, நிறப்பெயர்கள் கண்டபடி பிறப்பதில்லை என்றார்கள். முதலில் கருப்பு, வெள்ளை, பிறகு சிவப்பு, பிறகு பச்சையும் மஞ்சளும், அதன்பின் நீலம், பிறகே பழுப்பு முதலியவை. அவர்கள் சொன்ன வரிசையில் பின்னால் திருத்தங்கள் வந்தன. ஆனாலும் தமிழில் பார்த்தால் கடைசியில் வந்தவை பெரும்பாலும் கடன் வாங்கியவையே. ஊதா, நம் வீடுகளில் பேசும் உருதுவிலிருந்து தமிழுக்குப் போன சொல். காக்கியும் அங்கிருந்து வந்ததுதான். மூலம் பாரசீகத்தின் 'காக்', மண். ஆரஞ்சு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆனால் அதன் பயணத்தைப் பின்னோக்கிப் போனால் ஸ்பானிஷ், அரபியின் 'நாரஞ்ச்', சமஸ்கிருதம் வழியாக நம் நாரத்தையின் வீட்டு வாசலில்தான் முடியும் என்று பலர் கருதுகிறார்கள்.

ஜப்பானியர் போக்குவரத்து விளக்கின் பச்சையை, நீலத்துக்கு உரிய 'ஆவோ' என்ற சொல்லால் அழைக்கிறார்கள். வண்டியைச் சரியாகத்தான் ஓட்டுகிறார்கள். இவ்வளவு தூரம் போவானேன்? காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு என்று நம் வீட்டுப் பெண்கள் பிரித்துச் சொல்வதை, வெளியே நின்று பையைச் சுமக்கும் நாம் 'ஏதோ பச்சை, ஏதோ சிவப்பு' என்று சொல்லிவிடுகிறோம். கண் குறைவால் அல்ல, பழக்கம் இல்லாததால்.

கண்ணே வேறாக இருப்பது இன்னொன்று. அதையும் சொல்லியாக வேண்டும். நம் மக்தபில் ஒரு சிறுவன் தஜ்வீத் சட்டங்களுக்கு நிறமிட்ட குர்ஆனில் தொடர்ந்து தப்பு செய்தான். பச்சை எழுத்தில் இருப்பதையும் சிவப்பு எழுத்தில் இருப்பதையும் மாற்றி மாற்றி ஓதுவான். கவனமில்லை என்று நாமே இரண்டு முறை திட்டினோம். பிறகுதான் அவனுக்கு அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரிகிறது என்று புரிந்தது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இக்குறைபாடு உண்டு. மற்ற மக்களிடம் இது பொதுவாகச் சற்றுக் குறைவு. பெண்களில் மிக அரிது. இதைக் கடத்தும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வரும், மகளுக்குத் தெரியாது. இதைச் சொல்லி மருமகளைக் குத்திக்காட்ட வேண்டாம். அவர் பார்வையும் நல்ல பார்வைதான், அவர் எதுவும் செய்யவில்லை. 1917-இல் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா வெளியிட்ட புள்ளி வட்டப் படங்களை வைத்துக் கண் மருத்துவர் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார். அரக்கோணம் பக்கத்தில் ரயில்வே வேலைக்குக் கனவு காணும் பையன்கள் நிறைய. ரயில் ஓட்டுநர் பணிக்கு நிறப்பார்வைச் சோதனை கட்டாயம். படித்து, தேர்வு எழுதி, கடைசி மருத்துவச் சோதனையில் தெரிந்துகொள்வதைவிட எட்டு, பத்து வயதில் தெரிந்துகொள்வது நல்லது.

மீண்டும் அந்தக் குழந்தைக்கு வருவோம். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்கு முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தாலும், வயிறு, கால் வரை இறங்கினாலும், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலும் காத்திருக்கக் கூடாது. அளவு மீறினால் அது மூளையைத் தாக்கும். மாநிறக் குழந்தைக்குத் தோலில் சட்டென்று தெரியாது. கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பு எரியும் அறையில், மஞ்சள் துணி சுற்றி வைத்தால் மஞ்சள் ஒளிந்துகொள்ளும்.

சிகிச்சைக்கு வைப்பது நீல வெளிச்சம். தோலில் தங்கிய மஞ்சள் பொருளை அது உடலிலிருந்து வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. இதுவும் ஒருவர் நிறத்தை உற்றுப் பார்த்ததால் கிடைத்ததுதான். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற செவிலியர், வெயில் பட வைத்திருந்த குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்பதைக் கவனித்து மருத்துவரிடம் காட்டினார். இதைப் படித்துவிட்டு வீட்டு மாடியில் வெயிலில் கிடத்தி வைத்தியம் பார்க்க வேண்டாம். அளவு சோதிக்க இரத்தப் பரிசோதனை வேண்டும்.

யாராவது ஒரு நிறத்தைச் சொல்லி முறையிட்டால், அதுவும் வேறு மொழியில் வளர்ந்தவர் என்றால், 'எதைப்போல?' என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். இலை போலவா, மஞ்சள் தூள் போலவா? அன்று அந்த வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக ஒரே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறான் (30:22). சென்ற ரமளானுக்குமுன் நம் மக்தப் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினோம். தமிழ், தெலுங்கு, உருது, அரபி என்று நான்கு பத்தி. மஞ்சள் வரிசையில் பீலா, அஸ்ஃபர். பச்சை வரிசையில் ஹரா, அக்ளர். தெலுங்குப் பத்தியில் மட்டும் இரண்டு கட்டங்களையும் சேர்த்து ஒரே பெரிய கட்டமாக்கி 'பச்ச' என்று எழுதினார்கள் பிள்ளைகள். எழுதி முடித்தபின் ஒரு மாணவி கேட்டாள்: "ஹஜ்ரத், பசும்பொன்னை எந்தக் கட்டத்துல எழுதுறது?" தமிழ்ப் பத்தியில் இரண்டு கட்டத்துக்கும் நடுவிலிருக்கும் கோட்டின் மேலேயே பென்சிலால் எழுதிவைத்திருக்கிறாள். அழிக்கச் சொல்லவில்லை.